மூன்றாவது சாக்பீஸ் குறி

ஒரு விடுகதை போடட்டுமா? தலையை வெட்டினால்தான் அது நகரும். வெட்டிய இடத்தில் உடனே வேறொரு தலை முளைக்கும். வால் மட்டும், நாமும் ஒரு நாள் தலையாகிவிடுவோம் என்று நம்பிக்கொண்டே பின்னால் ஊர்ந்து வரும். அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள். இந்த விடுகதையை யாரும் மங்கையர்க்கரசிக்குச் சொல்லித்தரவில்லை. சென்னையில் விசா அலுவலகத்துக்கு வெளியே நடைபாதையில், உச்சி வெயிலில், இடுப்பிலிருந்த பிள்ளை சிணுங்காமல் இருப்பதற்காக அவளே கட்டியது. விடை சொல்ல அன்றைக்குப் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. இன்றைக்கு அந்த மாறனுக்கு எட்டு வயது. விடை அவனுக்கு எப்போதோ தெரியும். தெரிந்த விடையில் அவனே நின்றுகொண்டிருக்கிறான்: ஒஹையோ மாநிலத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் ஜிம் என்கிற விளையாட்டுக் கூடத்துக்குள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வரிசையில், வாலாக. வரிசையின் தலைக்கு எதிரே, மேசைக்கு அந்தப் பக்கம், கையில் சாக்பீஸோடு உட்கார்ந்திருக்கிறாள் அவன் அம்மா.

மேசைக்கு அந்தப் பக்கம் அவள் உட்காருவது இதுதான் முதல் தடவை. அட்டையில் செய்த தொப்பி நெற்றியில் அரித்தது. கழற்றி மேசைக்கடியில் போட்டுவிட்டு லெமனேட் மேசைக்குப் போய்விடலாமா என்று ஒவ்வொரு பிள்ளை வரும்போதும் நினைத்தாள். அவள் பெயர் கொடுத்திருந்ததே லெமனேட்டுக்குத்தான். பெற்றோர் உதவி தேவை என்று பள்ளியிலிருந்து செய்தி வந்ததும் முதல் ஆளாக, லெமனேட் ஊற்றித் தருகிறேன் என்று பதில் அனுப்பியவள் அவள். குவளையில் ஊற்றலாம், நீட்டலாம், சிரிக்கலாம், யாருக்கும் கெட்டவளாக வேண்டியதில்லை. காலையில் வந்து பார்த்தால் அந்த மேசையில் ஜோசையாவின் அம்மா டெனிஸ் ஜாடியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். டீச்சர் மிஸஸ் நோவாக் ஓடி வந்து இவள் தோளில் கை வைத்து, "மங்கை, இன்றைக்கு நீங்கள்தான் டாக்டர் வேஷம். உங்களுக்கு எவ்வளவு சாந்தமான முகம்! குழந்தைகள் பயப்பட மாட்டார்கள்" என்றாள். சாந்தமான முகமாம். கண்ணாடிச் சன்னல்களுக்கு முன்னால், கைரேகை எந்திரங்களுக்கு முன்னால், விமான நிலையத்தில் பாஸ்போர்ட் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கும் ஆளுக்கு முன்னால் வைத்து வைத்துப் பழகிய முகம் அது. அந்த முகத்துக்குள்ளே எந்தச் சாந்தமும் கிடையாது. வீட்டில் வந்து அதைக் கழற்றினால் அடுப்படியில் பாத்திரம் உருளும். சரி என்று தலையாட்டிவிட்டாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. இந்த நாட்டில் எந்த மேசையிலும் அவள் மாட்டேன் என்று சொன்னதில்லை.

வருடா வருடம் மே மாதம் மூன்றாம் வகுப்புக்கு இந்த நாள் உண்டு. நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்து நியூயார்க் துறைமுகத் தீவில் இறங்கியவர்கள் மாதிரி பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வருவார்கள். தாழ்வாரம் முழுக்க நீலத் தாள் ஒட்டியிருக்கும், அது கடல். ஜிம்மின் கதவு தீவின் கதவு. முதல் மேசையில் ஹீதர் என்ற அம்மா பெயரும் ஊரும் கேட்பாள். இரண்டாவது மேசையில் டாக்டர் கண்ணையும் கையையும் பார்ப்பார். மூன்றாவது மேசையில் லெமனேட்டும் ஒரு சின்னக் கொடியும். அவ்வளவுதான், அமெரிக்கா வந்துவிடும். ஆனால் டாக்டர் கையில் சாக்பீஸ் இருக்கும். நிஜத் தீவிலும் இருந்ததாம். நொண்டினால் போட்டிருக்கும் கோட்டின் மேல் ஒரு குறி, இருமினால் ஒரு குறி, ஏதோ பிரமை பிடித்தவன் மாதிரி நின்றால் அதற்கொரு குறி. குறி விழுந்தவன் தனி அறைக்குப் போக வேண்டும். ஜிம்மில் தனி அறை கிடையாது, மூலையில் ஒரு நீல மெத்தை போட்டிருந்தார்கள். "மூன்று பேருக்குக் குறி போடுங்கள், எப்போதும் மூன்று பேர்தான்" என்று மிஸஸ் நோவாக் காதோடு சொன்னாள். மெத்தையில் உட்கார்ந்தவர்கள் கடைசியில் எழுந்து வாசிப்பதற்கு மூன்று அட்டைகள் தயாராக இருந்தன. 'என் அண்ணன் உள்ளே இருக்கிறான், என்னைத் திருப்பி அனுப்பாதீர்கள்' என்கிற மாதிரி ஏதோ. "தாங்கிக்கொள்கிற பிள்ளைகளாகப் பார்த்துப் போடுங்கள். கடைசியில் எல்லோரையும் உள்ளே விட்டுவிடுவோம், கவலைப்படாதீர்கள்." கடைசியில் எல்லோரையும். அந்தச் சொல்தான் முள் மாதிரி காலையிலிருந்து மங்கைக்குள் நின்றுகொண்டிருந்தது. எந்தக் கடைசி? அவள் வீட்டுக்காரர் சபாபதியும் இதையேதான் சொல்வார். "அதுக்குள்ள சட்டம் மாறிடும் மங்கை. கொஞ்ச நாள்தான்." கல்யாணமான வருடமும் இதைத்தான் சொன்னார். போன தீபாவளிக்கும் சொன்னார், வாயில் அதிரசத்தோடு.

இரண்டு குறி போட்டாகிவிட்டது. முதல் குறி பிரோடிக்கு. வரிசையில் நிற்கும்போதே பின்னால் இருப்பவன் தொப்பியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்த பயல். தாங்குவான் என்று நினைத்து, கால் நொண்டுகிறது என்று சொல்லி, முதுகில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அவன் கையை உயர்த்திக் குதித்தான். "என்னைத் துரத்திட்டாங்க! என்னைத் துரத்திட்டாங்க!" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் மெத்தையில் குட்டிக்கரணம் போட்டான். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குழந்தைதானே, விளையாட்டுதானே. இருந்தாலும் எப்படிக் குதிக்கிறான் பார். துரத்தினால் போவதற்கு அவனுக்கு வேறு இடம் கிடையாது, அதனால் குதிக்கிறான். அவன் தாத்தாவுக்குத் தாத்தா எந்தத் தகர டப்பாவோடு இறங்கினானோ, அன்றைக்கே இவன் குட்டிக்கரணத்துக்கும் சேர்த்து இடம் பிடித்துவிட்டான். இரண்டாவது குறி குவின் என்ற பெண்ணுக்கு. தலையில் துண்டு கட்டிக்கொண்டு, மேசைக்கு வருவதற்குள் சினிமாவில் செத்துப்போகிறவள் மாதிரி இருமினாள். "எனக்குக் காசநோய், டாக்டர். எனக்குப் போடுங்கள், ப்ளீஸ்" என்றாள். கேட்டு வாங்கிக்கொண்டாளே என்று போட்டாள். மெத்தையில் போய் உட்கார்ந்த பிறகுதான் லெமனேட் கிடையாது என்பது குவினுக்குப் புரிந்தது. இப்போது நிஜமாகவே அழுதுகொண்டிருக்கிறாள். அந்த அழுகை கூரை உயரத்துக்கு எழும்பி இரும்புச் சட்டங்களில் பட்டுத் திரும்பி வருகிறது. டெனிஸ் லெமனேட் மேசையிலிருந்து இவளைப் பார்த்து, "மங்கை, முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதே, எனக்கே பயமாக இருக்கிறது. நானே ஊருக்குத் திரும்பிப் போய்விடுவேன் போலிருக்கிறது" என்றாள். சொல்லிவிட்டு, "எந்த ஊருக்கு என்று கேட்காதே" என்று தானே சிரித்தாள். அவள் மகன் ஜோசையா வேஷம் போடவில்லை. தினமும் போடுகிற டி-ஷர்ட்டோடு கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு எல்லோரையும் படம் எடுத்துக்கொண்டிருந்தான். எங்கள் ஆட்கள் பெட்டியோடு வரவில்லை, ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியோடு வந்தார்கள், அந்தக் கப்பலுக்கு ஒரு நாள் வைத்தால் சொல்லுங்கள் என்று டெனிஸ் போன வாரமே மிஸஸ் நோவாக்கிடம் சொல்லிவிட்டாள். அதனால் அவனுக்குப் படம் எடுக்கும் வேலை. இப்படி நேராகச் சொல்ல முடியும் என்பதே மங்கைக்கு ஆச்சரியம். தான் என்ன சொல்லியிருக்கலாம்? எங்கள் ஆட்களை நீங்கள் உள்ளேயே விடவில்லை என்றா? சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான்.

அடுத்த பிள்ளை. ஏவா. கைவிரல் சில்லிட்டிருந்தது. ஏவாவின் அப்பா போன மாதம் வீட்டை விட்டுப் போய்விட்டார், அவள் பக்கம் போகாதீர்கள் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தாள். கண் சரி, கை சரி, போ கண்ணு. அடுத்து இரட்டைப் பிள்ளைகள், ஒருவன் கையை ஒருவன் பிடித்துக்கொண்டு. ஒருவனை நிறுத்தி ஒருவனை அனுப்புவதா? போங்கள். அடுத்து சஹஸ்ரா, பட்டுப்பாவாடைக்கு மேல் ஸ்வெட்டர். இவளுக்குக் குறி போட்டால் இன்று மாலையே தெலுங்கு, தமிழ் எல்லாம் கலந்த அம்மாக்கள் வாட்ஸாப் குழுவில், 'நம்ம பிள்ளையையே நாம் இப்படிச் செய்யலாமா?' என்று அவள் அம்மா கை கூப்பிய பொம்மையோடு கேட்பாள். அதற்குக் கீழே இருபது பொம்மைகள் வரும். போம்மா. வரிசை ஒரு தலை குறைந்தது, இன்னொரு தலை முளைத்தது. தரை மெழுகு மணத்தது. அந்த மணத்துக்குக் கீழே பிள்ளைகளின் வியர்வையும் ரப்பர் செருப்பும் கலந்த இன்னொரு மணம். அது திருமங்கலத்துப் பள்ளியிலும் இருந்தது, மெழுகு மட்டும் இல்லை. அங்கே அவளுக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தது அவள் அம்மாவே, பாக்கியம் டீச்சர். வகுப்பில் சத்தம் வந்தால் பாக்கியம் டீச்சர் யார் பேசியது என்று கேட்க மாட்டாள். நேராக மூன்றாவது பெஞ்சுக்கு வந்து மங்கையின் தலையில் ஒரு குட்டு வைப்பாள். வகுப்பு கப்சிப் என்றாகிவிடும். சொந்த மகளுக்கே அந்தக் குட்டு என்றால் நமக்கு என்ன கிடைக்கும் என்ற பயம். காலாண்டுத் தேர்வுத் தாளில் எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும் எழுத்து அழகாக இல்லை என்று இரண்டு மதிப்பெண் குறைத்தாள். வீட்டில் வந்து அழுதபோது, "மகளுக்கு மார்க்கைத் தூக்கிப் போட்டுட்டான்னு ஒரு வார்த்தை வந்துரக் கூடாதுடி. ஊர் வாய்க்கு யாரு பதில் சொல்றது?" என்றாள், முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே. எனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் ஊர் என்ன சொன்னாலும் தூக்கித்தான் போடுவேன், அள்ளி அள்ளிப் போடுவேன் என்று அன்றைக்கு மங்கை கிணற்றடியில் நின்று சபதம் எடுத்தாள். இப்போது அம்மாவுக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு நீ வந்தால் செய்துகொள்கிறேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள். இவள் போகலாம். போனால் திரும்பி வருவதற்கு மறுபடியும் அந்த நடைபாதையில் நிற்க வேண்டும். உள்ளே விடுவார்களா மாட்டார்களா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிள்ளையை இங்கே விட்டுவிட்டா போவது? அதனால் போகவில்லை. அம்மாவுக்குப் புரை முற்றுகிறது. வரிசையில் நிற்பவள் இங்கே, கண் மங்குவது அங்கே.

அடுத்து எமிலியோ. அவன் நின்ற விதத்தைப் பார்த்ததும் மங்கை சாக்பீஸை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்தார்கள், இவன் அவள் கையைப் பார்த்தான். கூரை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இவன் சித்தப்பாவைக் குளிர்காலத்தில் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று பள்ளிக்கூட வாசலில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பிள்ளையை இந்த வரிசையில் நிறுத்தலாமா வேண்டாமா என்று ஒருவரும் யோசிக்கவில்லையே என்று மிஸஸ் நோவாக்கின் மேல் கோபம் வந்தது. கோபம் வந்த அதே நேரத்தில், பாவம் அவள் என்றும் தோன்றியது. மிஸஸ் நோவாக்கின் பாட்டி நிஜமாகவே அந்தத் தீவில் இறங்கியவளாம், போலந்திலிருந்து, பதினாறு வயதில், ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு வருடமும் அதைச் சொல்லும்போது டீச்சருக்குக் குரல் உடையும். இது வந்தவர்கள் கட்டிய நாடு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். வந்தவர்கள் கட்டிய நாடுதான். வரும்போது இங்கே யார் இருந்தார்கள்? பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஆற்றுக்கு அந்தப் பூர்வகுடிகள் வைத்த பெயர் இருக்கிறது, அவர்களைக் காணோம். அதற்கு ஒரு மேசை போடவில்லை. முதலில் வந்தவன் யாரையும் கேட்காமல் வந்தான். அடுத்து வந்தவனை, நீ யார் என்று கேட்டான். அடுத்து சீனர்கள் வேண்டாம் என்றான். அப்புறம் ஒரு சட்டம் போட்டு ஆசியாவில் பெரிய வட்டம் ஒன்றை வரைந்து, இதற்குள்ளிருந்து யாரும் வரக் கூடாது என்றான். அந்த வட்டத்துக்குள்தான் திருமங்கலம் இருந்தது. இப்போது வரலாம் என்கிறான், ஆனால் நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு வருடத்துக்கு ஒரு நாட்டுக்கு இவ்வளவு பேருக்குத்தான். ஐஸ்லாந்துக்கும் அதே அளவு, இந்தியாவுக்கும் அதே அளவு. ஐஸ்லாந்தில் மொத்த சனத்தையும் கூட்டினால் மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு மூலைக்குக் காணாது. போ எமிலியோ, நீ நல்லா இருக்கே. அவன் போனான். லெமனேட் மேசை வரை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

இன்னும் ஒரு குறி. வரிசையில் ஐந்தாறு பிள்ளைகள்தான் மிச்சம். சுவரில் உலகப் படம் ஒன்று தொங்கியது. பிள்ளைகள் தங்கள் முன்னோர் ஊரிலிருந்து துறைமுகத்துக்கு நூல் கட்டியிருந்தார்கள். அயர்லாந்திலிருந்து ஒரு கொத்து, ஜெர்மனியிலிருந்து ஒரு கொத்து, இத்தாலியிலிருந்து நாலைந்து. இந்த ஊர்ப் படங்களில் அமெரிக்காதான் நடுவில் இருக்கும். நடுவில் வைப்பதற்காக ஆசியாவை இரண்டாகக் கிழித்து இரண்டு ஓரத்திலும் ஒட்டியிருப்பார்கள். "அம்மா, நான் எந்தப் பக்கத்துல இருந்து கட்டணும்?" என்று மாறன் போன வாரம் கேட்டான். இந்தியா வலது ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் எல்லோருக்கும் ஒரே அளவில் வெட்டிக் கொடுத்திருந்த நூல் ஐரோப்பாவுக்குச் சரியாக இருந்தது, இவனுக்கு எட்டவில்லை. அரபிக்கடலில் நின்றுவிட்டது. அங்கேயே குண்டூசி குத்தியிருந்தான். அதைப் பார்த்தபோது அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இன்று காலை காரில் வரும்போது, "நம்ம வீட்டுல யாரும்மா கப்பல்ல வந்தா?" என்றான். "யாரும் வரலடா. நம்மள விடலை." "அப்ப நான் யாரா நடிக்கிறது?" "நீயா நடி." "நான் லுஃப்தான்சாவுல வந்தேன்." "கப்பல்ல வந்ததா நெனச்சுக்கோ."  கோட்டின் மடித்த கையை அவிழ்த்து அவிழ்த்து விட்டுக்கொண்டிருந்தான். அது சபாபதியின் கோட், கல்யாண வரவேற்புக்கு மதுரை டவுன் ஹால் ரோட்டில் தைத்தது. கறுப்புக் கோட்டு, உள்ளே மட்டும் இரத்தச் சிவப்பில் சாட்டின் துணி. தையல்காரர் கேட்காமலே வைத்துவிட்டார், பேஷனாம். அன்றைக்குச் சபாபதி மேடையில் குனியும்போதெல்லாம் உள்ளே சிவப்பு தெரிந்து, பெண் வீட்டார் பக்கத்தில் சிரிப்பாகக் கிடந்தது. அப்புறம் அவர் அதைப் போடவேயில்லை. நேற்று மாலை அதன் கையை மடித்து ஊக்கு குத்திக்கொண்டே, இந்த நாளைப் பற்றிப் படித்ததையெல்லாம் அவனுக்குச் சொன்னாள். சாக்பீஸ் குறி விழுந்தவர்களில் சில பேர் கோட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி நடந்து போய்விட்டார்களாம். "மாட்டலையா?" "மாட்டலையாம்." "பின்னாடி?" "பின்னாடி என்ன? இங்கேயே இருந்துட்டாங்க. அவங்க பேரப்பிள்ளைங்க இப்ப பெரிய பெரிய வேலையில இருப்பாங்க." "அப்ப நம்மளும் அப்படிப் பண்ணலாம்ல?" "சீ. நம்ம அப்படியெல்லாம் பண்ணக் கூடாது." "ஏன்?" அடுப்பில் குக்கர் கத்தியது. எழுந்து போய்விட்டாள்.  நம்ம அப்படியெல்லாம் பண்ணக் கூடாது. ஊர் வாய்க்கு யார் பதில் சொல்வது?

ஒரு தலை போனது. அந்தப் பையன் கையில் மாவுக்கட்டு. போ. இன்னொரு தலை. பெற்றோர் சங்கத் தலைவியின் மகள், போ. இன்னொன்று, முன்பல் விழுந்த வாயோடு இவளைப் பார்த்துச் சிரித்தது, எப்படிப் போடுவது, போ. ஒவ்வொரு தடவையும் அடுத்த பிள்ளைக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். இப்படியே அடுத்தது அடுத்தது என்று தள்ளிக்கொண்டு போனால் கடைசியில் எங்கே போய் முட்டும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் தள்ளினாள். அவன் வாலில் நிற்கிறான். அவன் எப்போதும் வாலில்தான் நிற்பான், யாராவது முன்னால் நுழைந்தால் ஒதுங்கி இடம் விடுவான். நல்ல பிள்ளை என்று டீச்சர் எழுதி அனுப்புவாள்.  இவனுக்கு இருபத்தொரு வயது ஆகும் நாளைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை. அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் அப்பா அம்மா வரிசையிலிருந்து பிள்ளையை எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். பெற்றவர்கள் உள்ளே நிற்கலாம், பிள்ளை தன் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கே போவான்? அரபிக்கடலில் குண்டூசி குத்திய இடத்துக்கா? எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுத் தமிழும் பரோட்டா ஆசையும் வைத்துக்கொண்டு திருமங்கலத்தில் இறங்கி எந்தப் பேருந்தில் ஏறுவான்? சட்டம் மாறிடும் மங்கை. மாறும், மாறும். பேசாமல் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு போதும் டீச்சர், மூன்றாவது அட்டையை நானே வாசிக்கிறேன், என்னைவிட நன்றாக யார் வாசிக்கப்போகிறார்கள் என்று எழுந்து நின்றால் என்ன?  ஜிம்மின் அந்தக் கோடியிலிருந்து மிஸஸ் நோவாக் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள். இன்னும் ஒன்று. சிரித்துக்கொண்டேதான் காட்டினாள்.

முதல் மேசையில் ஹீதர் கேட்பது காதில் விழுந்தது. "பெயர்?" "மாறன்." "எந்த ஊர்?" "திருமங்கலம்." "அடேயப்பா, அதை நான் எப்படி எழுதுவேன்? சரி, என்ன வேலை தெரியும் உனக்கு?" "பரோட்டா வீசுவேன்." கையைத் தூக்கிக் காற்றில் வீசிக் காட்டினான். கோட்டின் கை அவிழ்ந்து விரலுக்கு மேல் ஒரு சாண் தொங்கியது. ஹீதர் விழுந்து விழுந்து சிரித்தாள். ஜோசையா படம் எடுத்தான். பிறகு அவன் இவள் மேசைக்கு வந்து நின்றான். பின்னால் யாரும் இல்லை. வரிசை என்று ஒன்று இப்போது இல்லை, தலையும் வாலும் இவன்தான். கண்ணைப் பார்த்தாள். காலையில் துடைத்தும் போகாமல் கண் ஓரத்தில் ஒரு துளி பீளை. விரலால் எடுத்துவிட்டாள். கையைப் பார்த்தாள். மசிக்கறை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒரு குறையும் இல்லை, எந்தச் சன்னலில் நிறுத்தினாலும் இந்தப் பிள்ளையிடம் ஒரு குறையும் கிடையாது. இவனை விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஓர் அட்டை வாசிக்கப்படாமல் கிடக்கும். பிரோடியின் அம்மா ஓரத்து நாற்காலியில் இருந்தாள். மகனுக்குக் குறி விழுந்தபோது, ஐயோ என் தங்கம் என்று வாய்விட்டுச் சிரித்தவள், இப்போது போனைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள். சும்மாதான் பார்த்திருப்பாள். குவின் அழுகையை நிறுத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தாள். டாக்டரின் மகனுக்கு மட்டும் கிடையாதா என்று எந்த வாயும் கேட்கவில்லை. யாரும் கேட்காத அந்தக் கேள்விக்கு மங்கையின் கை பதில் சொல்லப் புறப்பட்டுவிட்டது. மூன்றாவது பெஞ்சில் தலையில் விழுந்த குட்டு சுளீரென்று நினைவுக்கு வந்தது. வேண்டாம், வேண்டாம் என்று உள்ளே ஒன்று கத்தியது, கிணற்றடியில் நின்ற பாவாடைக்காரி. கை அதற்குள் போய்விட்டிருந்தது. கறுப்புக் கோட்டின் நெஞ்சில், இடது பக்கம், வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி. சாக்பீஸ் முனை உடைந்து தரையில் உருண்டது.

மாறன் குனிந்து அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "எனக்கா?" என்றான் தமிழில். மற்றவர்கள் முன்னால் அவன் தமிழ் பேச மாட்டான். "ஆமாடா." "பிரோடிக்குக் காலு. குவினுக்கு இருமல். எனக்கு என்னம்மா?" அவனுக்கென்று ஒரு நோயைத் தேடித் தேடிப் பார்த்தாள். அந்தச் சாந்த முகம் தானாக வந்து முகத்தில் உட்கார்ந்துகொண்டது. "சும்மா விளையாட்டுதான்டா. கொஞ்ச நேரம்தான்" என்றாள். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்தது. மிஸஸ் நோவாக் மூன்றாவது அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "மாறன், செல்லம், மெத்தைக்குப் போ" என்றாள். பிரோடி மெத்தையைத் தட்டி, "வா, இங்கே இடம் இருக்கு" என்று கூப்பிட்டான்.

மாறன் மெத்தையைப் பார்த்தான். லெமனேட் மேசையைப் பார்த்தான். கோட்டைக் கழற்றினான். ஒவ்வொரு கையாக உள்பக்கத்தை வெளியே இழுத்தான், இடது கையில் அம்மா குத்திய ஊக்கு மாட்டிக்கொண்டது, அதை எடுத்து மேசை மேல் வைத்தான். சிவப்புச் சாட்டின் வெளியே தெரிய, கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஜிம்மில் இருந்த எல்லோரும் பார்க்க நடந்து போய் டெனிஸிடம் கையை நீட்டினான். இரண்டு குவளை குடித்தான்.